மேட்டுல ஓடும்போது முட்டியை உயர்த்தணுமா, அடியைச் சுருக்கணுமா?

மேடேறி_புதுசு · ஜூன் 4, காலை 7:12

மேட்டு ஓட்டத்துக்கு எங்க கேட்டாலும் அதே மூணு வரிதான் வருது: முட்டியை உயர்த்து, கையை வீசு, முன்னால சாய். மூணையும் செஞ்சா 400 மீட்டர் மேட்டுல பாதி தாண்டுறதுக்குள்ள கெண்டைக்கால் எரியுது, உச்சிக்குப் போகும்போது இடுப்புக்குப் பின்னால பிடிக்குது. சமதளத்துல கிலோமீட்டருக்கு 6:30 பேஸ் (6 நிமிஷம் 30 விநாடி) சுலபமா வரும். மேட்டுலயும் 7:00-ஐத் தாண்டாமப் பாத்துக்கறேன். அந்த மூணு வரி தப்பா, நான் செய்யற விதம் தப்பா?

குதிகால் · ஜூன் 4, காலை 8:40

10 விநாடி மேட்டு ஸ்பிரிண்டுக்கு (முழு வேகக் குட்டை ஓட்டம்) மூணு வரியும் சரி. 400 மீட்டருக்குச் சரிப்படாது.

முட்டியை வேணும்னே உயர்த்தினா ஒவ்வொரு அடிக்கும் காலோட எடையைத் தேவைக்கு மேல தூக்குறீங்க. உயர்ந்த கால் தூரமாப் போய் விழும். அப்படி முன்னால விழுந்த கால் மேல உடம்பை ஏத்தி வைக்கிற வேலை தொடைக்கும் கெண்டைச்சதைக்கும் போகும். எரிச்சல் அங்கருந்துதான் வருது. அடி சின்னதா இருந்தா, மேடு கேக்கிற அளவுக்கு முட்டி தானா உயரும். நீங்க அதை நினைக்கவே வேண்டாம்.

இடுப்புப் பிடிப்புக்குக் காரணம் வேற. சாய்வு கணுக்கால்லருந்து வரணும், பல பேர் இடுப்புல மடங்கிடறாங்க. மடங்கினா கால் பின்னுக்கு முழுசா நீளாது, புட்டத்தசை பாதி வேலைதான் செய்யும், முதுகைத் தாங்குற தசைங்க விடாம இறுகியே இருக்கும். வயிறு அமுங்கறதால மூச்சும் மேல் நெஞ்சோட நின்னுடும். பக்கவாட்டுல நின்னு யாரையாவது வீடியோ எடுக்கச் சொல்லுங்க. பின்கால் தரையை விட்டுக் கிளம்புற நொடியில நிறுத்திப் பாருங்க: காது, தோள், இடுப்பு, அந்தக் கணுக்கால் நாலும் ஏறக்குறைய ஒரே கோட்டுல இருக்கணும். இடுப்புல ஒடிஞ்சு தெரிஞ்சா பார்வையைத்தான் முதல்ல திருத்தணும். காலடியைப் பாக்காதீங்க, உச்சியையும் பாக்காதீங்க. 8-10 மீட்டர் முன்னால பாருங்க. தலை நிமிர்ந்தா இடுப்பும் பாதி நிமிர்ந்துடும்.

சரிவுக்கணக்கு · ஜூன் 4, மதியம் 1:05

மேட்டின் சரிவு எத்தனை சதவீதம் என்று தெரியாமல் உத்தி பேசுவதில் பொருள் இல்லை. 4 சதவீதத்தில் செய்வதை 12 சதவீதத்தில் செய்ய முடியாது.

அளக்க விலை உயர்ந்த கருவி தேவையில்லை. சரியாக 1 மீட்டர் நீளமுள்ள நேரான கட்டை ஒன்று, ஒரு ரசமட்டம். கட்டையின் மேல்முனையைச் சாலையில் வைத்து, ரசமட்டத்தின் குமிழி நடுவுக்கு வரும்வரை கீழ்முனையை உயர்த்துங்கள். கீழ்முனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி எத்தனை செ.மீ.யோ அதுவே சரிவுச் சதவீதம். 7 செ.மீ. என்றால் 7%. மேட்டின் நான்கைந்து இடங்களில் அளந்தால்தான் நிலவரம் தெரியும். சராசரி 6% என்று சொல்லப்படும் மேட்டில் கடைசி 80 மீட்டர் 11% ஆக இருக்கலாம்.

சதவீதத்தையும் பாகையையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். 10% என்பது 5.7 பாகைதான். 20% என்பது 11.3 பாகை. 100% என்றால் 45 பாகை.

மேடேறி_புதுசு · ஜூன் 5, காலை 6:50

அளந்தேன். கீழ 5, நடுவுல 7, மேல 8. அப்ப பேஸ் எவ்வளவு வெச்சா நியாயம்?

சரிவுக்கணக்கு · ஜூன் 5, காலை 9:30

அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் ஓட்டச் சூத்திரம் இது. ஆக்சிஜன் தேவை (ஒரு கிலோ எடைக்கு, நிமிடத்துக்கு, மி.லி.யில்) = 0.2 × வேகம் + 0.9 × வேகம் × சரிவு + 3.5. வேகம் நிமிடத்துக்கு இத்தனை மீட்டர் என்ற அளவில். சரிவு தசமத்தில், 7% என்றால் 0.07.

சுருக்கினால், அதே உழைப்புக்கு ஒவ்வொரு 1% சரிவுக்கும் பேஸ் 4.5% கூடும். உங்கள் 6:30 இப்படி மாறும்:

3% மேட்டில் 7:23
5% மேட்டில் 7:58
7% மேட்டில் 8:33
10% மேட்டில் 9:25

7% மேட்டில் 7:00 பிடிக்கப் பார்ப்பது, சமதளத்தில் ஏறக்குறைய 5:20 ஓடுவதற்குச் சமம். கெண்டைக்கால் எரிவதில் வியப்பில்லை.

பாதிமலை · ஜூன் 5, மாலை 6:15

கணக்கு கொஞ்சம் தாராளமா இருக்கே. மினெட்டிங்கற ஆய்வாளரோட குழு 2002-ல மலையோட்டக்காரங்களை டிரெட்மில்லுல ஓட விட்டு அளந்ததைப் பாருங்க. சமதளத்துல ஒரு கிலோ எடையை ஒரு மீட்டர் கொண்டுபோக 3.4 ஜூல். 45% ஏத்தத்துல 18.9 ஜூல். சரிவுக்கு எவ்வளவு செலவுன்னு அவங்க போட்ட வளைகோட்டை வெச்சுப் பாத்தா 7%-ல செலவு சமதளத்தை விட 44% கூடுது. உங்க சூத்திரம் சொல்றது 31.5%. இவரோட 6:30 மினெட்டி கணக்குல 9:20-க்குப் பக்கத்துல போகும்.

ரெண்டுக்கும் நடுவுல ஒரு நிமிஷம் கிட்ட வித்தியாசம். எதை நம்பச் சொல்றீங்க?

சரிவுக்கணக்கு · ஜூன் 5, இரவு 9:48

நியாயமான கேள்வி. என் பட்டியலை மேல்வரம்பாக வைத்துக்கொள்ளுங்கள்: அதைவிட வேகமாகப் போனால் உழைப்பு கூடிவிட்டது என்று பொருள். மினெட்டியின் எண் கீழ்வரம்பு. நீண்ட ஏற்றம், களைத்த கால், கரடுமுரடான தரை என்றால் அதன் பக்கம் நகருங்கள். 7%-க்கு 8:33 முதல் 9:20 வரை எதுவும் சரி. 7:00 மட்டும் இரண்டு கணக்கிலும் வராது.

குதிகால் · ஜூன் 6, காலை 7:25

வாட்ச்ல பேஸைப் பாத்துக்கிட்டே மேடேறுறது எனக்கு ஒத்துவராத விஷயம். மரம் அடர்ந்த வளைவுச் சாலையில ஜிபிஎஸ் பேஸ் தாவிக்கிட்டே இருக்கும். இதயத்துடிப்பும் மேடு தொடங்கி அரை நிமிஷத்துல இருந்து ஒரு நிமிஷம் கழிச்சுத்தான் உண்மை நிலைக்கு வரும். 400 மீட்டர் மேட்டுல முதல் 100 மீட்டர் முழுக்க அந்த எண் பழைய செய்திதான். அதைப் பாத்து “இன்னும் இடம் இருக்கு”ன்னு அழுத்துறவங்க எல்லாரும் 250-ல நிப்பாங்க.

மூச்சு பொய் சொல்லாது. அஞ்சாறு வார்த்தை தொடர்ந்து பேச வந்தா நீளமான ஏத்தத்துக்கு அது சரியான உழைப்பு. ரெண்டு வார்த்தைதான் வருதுன்னா 2-3 நிமிஷம் தாங்கும். வார்த்தையே வரலைன்னா அது ஸ்பிரிண்ட்.

பேஸுக்குப் பதிலா எண்ண வேண்டியது அடி. சமதளத்துல 100 மீட்டரைக் குறிச்சு, 6:30-ல ஓடி, ரெண்டு காலையும் சேத்து எத்தனை அடி வருதுன்னு எண்ணுங்க. அதே மாதிரி மேட்டுல 100 மீட்டர் குறிச்சு எண்ணிட்டு இங்க வந்து சொல்லுங்க.

மேடேறி_புதுசு · ஜூன் 8, காலை 7:40

சமதளம் 110. மேடு 122.

குதிகால் · ஜூன் 8, காலை 8:02

அதான் நோய்.

சமதளத்துல 6:30-க்கு 110 அடின்னா நிமிஷத்துக்கு 169 வருது, நல்ல கேடன்ஸ் (நிமிஷத்துக்கு வெக்கிற அடி எண்ணிக்கை). மேட்டுல 8:45-க்கு வந்து அதே தாளத்தைக் காப்பாத்தினா 100 மீட்டருக்கு 148 அடி வரணும். உங்களுக்கு 122. அப்ப ரெண்டுல ஒண்ணு நடக்குது: ஒண்ணு 7:00-ஐ விடாம துரத்திக்கிட்டிருக்கீங்க, இல்ல வேகம் குறைஞ்சும் அடி நீளமாவே இருக்கு. ரெண்டாவதா இருந்தா கேடன்ஸ் 140-க்கு இறங்கியிருக்கும்.

விதி இதுதான்: மேடு தொடங்கினா தாளம் மாறக்கூடாது, அடியோட நீளம்தான் மாறணும். கேடன்ஸ் சமதளத்துல எவ்வளவோ அவ்வளவு, இல்ல 4-5 அடி கூட. சமதளத்துல 90 செ.மீ. வெக்கிற ஆளுக்கு 7%-ல 65-70 செ.மீ. போதும். கூடப் போறவங்க கண்ணுக்கு இது ஓட்டம் மாதிரியே தெரியாது. தெரியாட்டி போகட்டும்.

சுருக்க வேண்டிய இடம் மேடு தொடங்குறதுக்கு 5-6 அடி முன்னால. மேட்டுல கால் வெச்ச பிறகு சுருக்கலாம்னு இருந்தா முதல் பத்து அடியிலயே தொடை செலவழிஞ்சிடும். சைக்கிள்ல மேடு வர்றதுக்கு முன்னாலயே கியரை மாத்துற மாதிரிதான்.

பாதிமலை · ஜூன் 8, மதியம் 12:20

பாதம் எப்படி விழணும்னு யாரும் சொல்லலையே. மேட்டுல தானா முன்பாதம்தான் முதல்ல படும். கேள்வி குதிகால் அப்புறம் இறங்கணுமா வேண்டாமாங்கறது. வேண்டாம்னு சொல்ற கட்சி ஒண்ணு இருக்கு, நுனிக்கால்லயே 400 மீட்டரும் போவாங்க. (குதிகால்னு பேர் வெச்சவர் எந்தக் கட்சின்னு தெரியணும்.)

குதிகால் · ஜூன் 8, மாலை 5:55

இறங்கற கட்சி. 8% வரைக்கும் ஒவ்வொரு அடியிலயும் குதிகால் தரையை ஒரு கணம் தொட்டுட்டுக் கிளம்பணும். தொட்டா போதும், எடை முழுசும் அதுமேல போக வேண்டாம். நுனிக்கால்லயே நின்னா கெண்டைச்சதைக்கு ஓய்வுங்கறதே இல்ல, உள்ள ரத்தம் ஓடறதுக்கான தளர்வு கிடைக்காது. 60-90 விநாடியில கல்லாயிடும்.

10-12%-க்கு மேல பல பேருக்குக் குதிகால் தரைக்கு எட்டாது, கணுக்கால் அவ்வளவு மடங்காது. சுவர் சோதனை செஞ்சு பாருங்க: வெறுங்காலோட சுவருக்கு எதிரா நின்னு, கட்டைவிரல் நுனிக்கும் சுவருக்கும் 10 செ.மீ. இடைவெளி விட்டு, குதிகாலைத் தூக்காம முட்டியைச் சுவர்ல தொடுங்க. தொட்டா கணுக்கால் போதும். 6-7 செ.மீ.யிலேயே குதிகால் எழும்பிடுச்சுன்னா செங்குத்தான மேட்டுல உங்க கெண்டைக்கால்தான் முதல்ல கைவிரிக்கும். ரெண்டு காலையும் தனித்தனியா பாருங்க. பழைய சுளுக்கு இருக்கிற பக்கம் பெரும்பாலும் குறையும்.

சரிவுக்கணக்கு · ஜூன் 9, காலை 10:10

கெண்டைக்காலைப் பற்றியே பேசுகிறோம். ஏற்றத்தில் கூடுதல் வேலையின் பெரும்பங்கு இடுப்பு மூட்டிலிருந்து வருகிறது. சமதளத்தில் ஓடும்போது குதிநாண் (கெண்டைச்சதையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் நாண்) ஸ்பிரிங் போல இழுபட்டுச் சுருங்கி, தரையில் இறங்கும் ஆற்றலில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறது. ஏற்றத்தில் உடல் இறங்குவதே குறைவு. திருப்பித் தர அங்கே ஒன்றும் சேர்வதில்லை. ஒவ்வொரு அடிக்கும் தசை புதிதாக ஆற்றல் போட வேண்டும். அதைப் போடத் தகுந்த பெரிய தசைகள் புட்டத்திலும் பின்தொடையிலும் இருக்கின்றன.

ஆகவே ஏற வேண்டிய தள்ளல் இடுப்பை நீட்டிப் பின்னுக்குத் தள்ளுவதில் இருக்க வேண்டும். பாதம் இடுப்புக்கு நேர் கீழே, அதிகம் போனால் ஒரு சாண் முன்னால் விழுந்தால்தான் அது முடியும்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. காட்ஷால், கிராம் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2005-இல் வெளியிட்ட அளவீட்டில் 9 பாகை ஏற்றத்தில் தரை மோதலின் உச்சவிசை சமதளத்தைவிட 39% குறைந்தது. அதே 9 பாகை இறக்கத்தில் 54% கூடியது. எலும்புக்கும் முட்டிக்கும் ஏற்றம் இதமானது. அடி வாங்குவது திரும்பி இறங்கும்போதுதான்.

மேடேறி_புதுசு · ஜூன் 11, காலை 7:05

142 அடிக்கு வந்துட்டேன். எரிச்சல் நல்லாவே குறைஞ்சிருக்கு. கையை என்ன செய்யறதுன்னு தெரியல. அடி சின்னதானதும் கை கூடவே துடிக்குது.

குதிகால் · ஜூன் 11, காலை 7:50

துடிக்கட்டும். காலும் கையும் ஒரே தாளம்தான், கை நீளமா வீசினா கால் நீளும். முழங்கையை 90 பாகைக்குக் கொஞ்சம் உள்ள மடக்கி, பின்னுக்குத் தள்ளுறதை மட்டும் கவனிங்க, முன்னால தானா வரும். கை நெஞ்சுக்குக் குறுக்க போகக்கூடாது. தோள் காதுப் பக்கம் ஏறியிருந்தா ஒரு தடவை ரெண்டு கையையும் தொங்க விட்டு உதறிட்டுத் தொடருங்க.

பாதிமலை · ஜூன் 11, மதியம் 2:30

இந்த இழையில இன்னும் யாரும் சொல்லாத பெரிய உத்தி: நடங்க.

சிரிக்காதீங்க. 1000 மீட்டர் உயரத்தை 5 கிலோமீட்டருக்குள்ள ஏறுற ‘வெர்டிகல் கிலோமீட்டர்’ பந்தயங்கள்ல முன்னணியில போறவங்களே பல இடத்துல நடக்கறாங்க. சுவிட்சர்லாந்துல ஃபுல்லிங்கற ஊர்ல 1000 மீட்டரை வெறும் 1.92 கிலோமீட்டர்ல ஏறணும். சராசரி 31 பாகை. ஜோவனெல்லி குழு 2016-ல 9 பாகையில இருந்து 39 பாகை வரைக்கும் சாய்ஞ்ச டிரெட்மில்லுல, மணிக்கு 1260 மீட்டர் உயரம் ஏறுற வேகத்துல ஆற்றல் செலவை அளந்தாங்க. சுமார் 16 பாகைக்கு மேல ஓட்டத்தை விட நடை ஏறக்குறைய 9% மலிவு. 16 பாகைன்னா 28%. அது தேர்ந்த ஆட்களோட வேகம். மெதுவா ஏறுறவங்களுக்கு இந்த எல்லை அதுக்கு ரொம்ப முன்னாலயே வந்துடும். என் கணிப்புல 15% தாண்டி, ஓட்டம் மணிக்கு 6.5-7 கிலோமீட்டருக்குக் கீழ வந்துட்டா நடையே லாபம்.

நடைக்கும் முறை இருக்கு. இங்க அடி நீளலாம், தாளம் குறையலாம். குதிகால் முழுசா இறங்கட்டும். முன்கால் ஊன்றினதும் அதே பக்கக் கையை முட்டிக்குக் கொஞ்சம் மேல, தொடையில வெச்சு, கால் நிமிர்றபோது தள்ளுங்க. முட்டிச்சில்லு மேலயே கையை வெக்காதீங்க, வலிக்கும். தள்ளல் முடிஞ்சதும் கையை எடுங்க. கை சும்மா தொடையில கிடந்தா அது முதுகை வளைக்கிற வேலையை மட்டும்தான் பாக்கும்.

எப்ப மாறணும்ங்கறதுதான் கலை. மூச்சு முட்டின பிறகு நடந்தா மீள்றதுக்கே 2 நிமிஷம் போயிடும். செங்குத்து தொடங்குற இடத்துலயே மாறிடணும்.

சரிவுக்கணக்கு · ஜூன் 12, காலை 9:15

மேலே உள்ளதோடு ஒன்று சேர்க்கிறேன். சரிவு கூடக் கூட ஒரு மீட்டர் *உயரம்* ஏறும் செலவு குறைகிறது. மினெட்டி வளைகோட்டின்படி 10% சரிவில் ஓடினால் ஒரு மீட்டர் உயரத்துக்கு ஒரு கிலோ எடைக்குச் சுமார் 60 ஜூல். 45% சரிவில் சுமார் 46. பாதை நீளம் குறைவதே காரணம்.

கொண்டை ஊசி வளைவிலும் இதே கதைதான். உள் வளைவின் ஆரம் 5 மீட்டர், வெளி வளைவு 11 மீட்டர், ஏற வேண்டிய உயரம் 2 மீட்டர் என்று வையுங்கள். உள்ளே 15.7 மீட்டர் தூரம், 12.7% சரிவு. வெளியே 34.6 மீட்டர், 5.8%. மொத்த ஆற்றல் உள் வளைவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம். ஆனால் சில விநாடி தசைக்குக் கடும் அழுத்தம். அடியை அங்கே இன்னும் பாதியாக்கினால் உள் வளைவே லாபம். வேகத்தைக் காப்பாற்ற நினைத்தால் நட்டம். வாகனம் வரும் சாலை என்றால் இந்தக் கணக்கை மறந்துவிட்டு எதிரே வருபவருக்குத் தெரிகிற பக்கம் ஓடுங்கள்.

மேடேறி_புதுசு · ஜூன் 14, மாலை 8:20

அப்ப அகலமான சாலையில வளைஞ்சு வளைஞ்சு ஏறுறது?

சரிவுக்கணக்கு · ஜூன் 14, இரவு 8:41

மொத்தச் செலவு கூடும், நேரமும் கூடும். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டபோது சற்று ஆறுதல் தரும், அவ்வளவே.

குதிகால் · ஜூன் 15, காலை 7:30

உத்தி ஓரளவு வந்தாச்சுன்னா இனி பயிற்சி. வாரத்துக்கு ஒரே நாள் மேடு, முதல் மூணு நாலு வாரத்துக்கு. எல்லாத்துக்கும் முன்னால 15 நிமிஷம் சமதளத்துல மெதுவா.

குட்டை ஸ்பிரிண்ட்: 8-12% மேடு, 8-10 விநாடி, முழு வேகம். உங்க மூணு வரி (முட்டி, கை, சாய்வு) இங்கதான் பொருந்தும். நடுவுல நடந்து இறங்கி 2-3 நிமிஷம் முழு ஓய்வு. முதல் தடவை 2-3 போதும், வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு கூட்டி 8-ல நிறுத்துங்க. பத்தாவது விநாடிக்கு மேல இழுத்தா அது வேற பயிற்சி ஆயிடும். ஸ்பிரிண்ட் மூச்சு வாங்குறதுக்காக இல்ல, தசை நார்களை ஒண்ணாச் சேந்து வேலை செய்ய வெக்கிறதுக்காக.

நடுத்தரம்: 6-8%, 60-90 விநாடி, 5 கிலோமீட்டர் பந்தய உழைப்பு. 6 தடவை. மெதுவா ஓடி இறங்குறதுதான் ஓய்வு. கடைசி தடவையும் முதல் தடவையும் ஒரே இடத்துல முடியணும். கடைசியில 10 மீட்டர் குறைஞ்சா முதல் ரெண்டும் வேகம் கூடிப்போச்சுன்னு அர்த்தம்.

நீளம்: 4-6%, 15-25 நிமிஷம் விடாம, அஞ்சாறு வார்த்தை பேசுற உழைப்பு. அடியைச் சுருக்குற பழக்கம் உடம்புல படியறது இதுலதான். முதல்ல இதைச் செய்யுங்க, ஸ்பிரிண்டைக் கடைசியில சேத்துக்கங்க. பல பேர் தலைகீழாச் செஞ்சு கெண்டைச்சதையைக் கிழிச்சுக்கறாங்க.

பாதிமலை · ஜூன் 15, காலை 11:10

லிடியர்டை விட்டுட்டீங்களே! நியூசிலாந்துல ஆர்தர் லிடியர்ட்ங்கற ஓட்டப் பயிற்சியாளர் மேட்டுப் பயிற்சியைத் தனிக் கட்டமாவே வெச்சார். நீண்ட ஓட்ட மாதங்களுக்கும் டிராக் வேகத்துக்கும் நடுவுல. மேட்டுல துள்ளித் துள்ளி ஏறணும், மேல போய் மெதுவா ஓடணும், தளர்வா நீள அடியில இறங்கணும், கீழ வந்து சமதளத்துல வேக ஓட்டம். அவர்கிட்ட பயின்ற பீட்டர் ஸ்னெல் 1960 ரோம்ல 800 மீட்டர் தங்கம், 1964 டோக்கியோல 800, 1500 ரெண்டும்.

கவனிக்க வேண்டியது: அந்தத் துள்ளல்ல முட்டி உயரும், கால் பின்னுக்கு முழுசா நீளும், ஆனா முன்னேற்றம் ரொம்ப மெதுவு. அது பலத்துக்கான பயிற்சி. அதைப் பாத்துட்டுப் பந்தய மேட்டுல அப்படி ஏறணும்னு எடுத்துக்கிட்டா இந்த இழையோட முதல் பதிவு மாதிரிதான் முடியும்.

குதிகால் · ஜூன் 15, மாலை 6:40

ஆமா, ஆனா துள்ளலைப் புதுசா வர்றவங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். குதிநாணுக்கு அது பெரிய பாரம். முதல்ல ஒத்தைக்கால் குதிகால் உயர்த்தல், முட்டி நேரா வெச்சு 25 தடவை தொடர்ந்து வரணும். வரலைன்னா வாரம் மூணு நாள் 3 × 12 (12 தடவை வீதம் மூணு செட்), முட்டி நேரா ஒரு சுற்று, முட்டி மடக்கி ஒரு சுற்று. மடக்கிச் செய்யறது ஆழத்துல இருக்கிற சோலியஸ் தசைக்கு. மேட்டுல அதிகம் உழைக்கிறதும் அதுதான், எல்லாரும் விட்டுடறதும் அதுதான்.

வலி குதிநாணோட நடுவுலன்னா படி விளிம்புல குதிகாலைக் கீழ இறக்கிச் செய்யலாம். குதிகால் எலும்புல ஒட்டுற இடத்துல வலின்னா தரைமட்டத்துக்குக் கீழ இறக்காதீங்க, மேட்டையும் கொஞ்ச நாள் விடுங்க. ஏத்தத்துல பாதம் மேல் நோக்கி மடங்கும்போது நாண் அந்த எலும்போட அழுந்தும். காலையில எழுந்ததும் முதல் பத்து அடி விறைப்பா இருந்தா அதுதான் முதல் எச்சரிக்கை. அன்னிக்கு மேடு கிடையாது.

மேடேறி_புதுசு · ஜூன் 19, காலை 7:00

மழை. டிரெட்மில்லும் மாடிப்படியும்தான் இருக்கு. எது?

சரிவுக்கணக்கு · ஜூன் 19, காலை 8:25

டிரெட்மில். வீட்டு மாடிப்படி, உயரம் 17 செ.மீ., அகலம் 28 செ.மீ. என்றால் 61% சரிவு. ஓட்ட உத்தி அங்கே பழகாது. பாதமும் சமமாகவே விழுவதால் கணுக்காலுக்கு மேட்டின் கோணம் கிடைக்காது. தொடை பலத்துக்கு நல்லது.

டிரெட்மில்லில் கைப்பிடியைத் தொடவே கூடாது. பிடித்துத் தொங்கினால் உடல் பட்டைக்குச் செங்குத்தாகப் பின்னால் சாய்கிறது. 10% என்று திரை காட்டும், கால்களுக்கு அது பாதிகூட இராது. 6%-இல் 3 நிமிடம், 1%-இல் 2 நிமிடம், இப்படி ஐந்து சுற்று. 1% ஏன் என்றால், காற்றின் எதிர்ப்பு இல்லாததை ஈடுகட்ட. ஜோன்ஸ், டௌஸ்ட் 1996-இல் அளந்து சொன்னது. மெதுவாக ஓடுபவருக்கு 0% வைத்தாலும் பெரிய வேறுபாடு இல்லை.

மேடேறி_புதுசு · ஜூன் 25, காலை 7:30

146 அடி, கேடன்ஸ் 170. எரிச்சல் இல்ல. ஆனா உச்சி வந்ததும் கால் காலியாயிடுது, அதுக்கப்புறம் 200 மீட்டர் இழுத்துக்கிட்டே போறேன்.

குதிகால் · ஜூன் 25, காலை 8:15

உச்சியை இலக்கா வெக்கிறதாலதான். இலக்கை உச்சி தாண்டி 30-40 மீட்டர் தள்ளி வைங்க. சமதளம் வந்த உடனே அடியை நீட்டாதீங்க. முதல்ல தாளத்தை 3-4 அடி கூட்டுங்க, மூச்சு ஒரு படி இறங்கட்டும், அப்புறம் அடி தானா நீளும். மேட்டோட கடைசி கால் பங்குல அழுத்தத் தோணும், அதைத்தான் அடக்கணும்.

பாதிமலை · ஜூன் 25, மதியம் 1:45

பாஸ்டன் மாரத்தான்ல ஹார்ட்பிரேக் ஹில்ங்கற மேட்டை எடுங்க. 600 மீட்டர்ல 27 மீட்டர் உயரம், வெறும் 4.5%. அது வர்ற இடம்தான் கொல்லுது, 32 கிலோமீட்டர் தாண்டி. 5:00-ல ஓடுறவர் மேல உள்ள சூத்திரப்படி அங்க 6:00-க்கு இறங்கினா இழப்பு 36 விநாடி. அந்த 36 விநாடியைக் கொடுக்க மாட்டேன்னு அடம்பிடிக்கிறவங்க மிச்சம் இருக்கிற 9 கிலோமீட்டர்ல நிமிஷக் கணக்குல கொடுப்பாங்க.

ஊன்றுகோல் பத்தி யாரும் கேக்கல, இருந்தாலும். 15%-க்குக் கீழ சுமைதான். மேல போனா, சமதளத்துல முழங்கை 90 பாகை மடங்குற நீளத்தை விட 5 செ.மீ. குறைச்சு வைங்க, பாதத்துக்குப் பக்கத்துலயே ஊன்றுங்க, முன்னால எட்டி ஊன்றாதீங்க.

மேடேறி_புதுசு · ஜூன் 28, மாலை 7:10

கடைசியா ஒண்ணு: மேடேறும்போது ஷூவுக்குள்ள குதிகால் தூக்கித் தூக்கி விழுது, தோல் உரியுது. 12 மி.மீ. டிராப் (முன்பாதத்தை விடக் குதிகால் உயர்ந்திருக்கிற அளவு) உள்ள ஷூ. மாத்தணுமா?

குதிகால் · ஜூன் 28, இரவு 8:05

டிராப் பிரச்சினை இல்ல. 12-ல இருந்து 4-க்கு இறங்கினா கெண்டைக்காலுக்குத்தான் கூடுதல் வேலை, மேட்டுப் பயிற்சி நடக்கிறப்ப மாத்தவே மாத்தாதீங்க. கயிறு கட்டுற விதத்தை மாத்துங்க. கணுக்கால் பக்கம் யாரும் பயன்படுத்தாத ஒரு கடைசி ஓட்டை இருக்கும். கயிற்றை எதிர்ப்பக்கம் கொண்டுபோகாம, அதே பக்கத்துக் கடைசி ஓட்டையில வெளியில இருந்து உள்ள விட்டு சின்ன வளையம் விடுங்க. ரெண்டு பக்கமும். ஒரு பக்க முனையை எதிர்ப்பக்க வளையத்துக்குள்ள நுழைச்சு, கீழ்நோக்கி இழுத்து இறுக்கி முடிச்சுப் போடுங்க. குதிகால் அசையாது.

இப்படிக் கட்டியும் இறங்கும்போது விரல் முன்னால முட்டுதுன்னா ஷூ அளவு சின்னது. அதுக்கு இறக்கம் பத்தி ஒரு இழையைத் தனியாத் திறங்க, பாதிமலை அங்கயும் வந்து மினெட்டியைக் கொண்டுவருவார்.

பாதிமலை · ஜூன் 28, இரவு 8:09

இறக்கத்துல 20% சரிவுலதான் ஓட்டம் ரொம்ப மலிவு. மினெட்டி, அதே 2002.